கடை கார்டின் வட்டியை ஏற்றினால் பழைய பாக்கிக்கும் ஏறுமா?

கேள்வியின் சுருக்கம் இது. அமெரிக்காவில் ஒரு பெரிய கடையின் பெயர் போட்ட கார்டில் 1,800 டாலர் பாக்கி இருக்கிறது. வட்டி 22.99 சதவீதம். அதை 32.99 ஆக்குவதாகவும், இனி ஆண்டுக் கட்டணம் உண்டு என்றும் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏற்கெனவே வாங்கிய பொருளுக்கும் புது வட்டி வருமா? மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

முதலில் நேரடியான பதில். அந்த 1,800 டாலருக்குப் புது வட்டி வராது. மினிமம் பேமென்ட் 60 நாளுக்கு மேல் தாமதமாகாத வரை இந்தப் பாதுகாப்பு நிற்கும். புது வட்டி, நோட்டீஸ் அனுப்பிய 14 நாளுக்குப் பிறகு வாங்கும் பொருளுக்கு மட்டும்தான். அதற்கும்கூட 45 நாள் முடிந்த பிறகே தொடங்க முடியும். ஆண்டுக் கட்டணத்தை மறுக்கலாம், ஆனால் கார்டை அவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வட்டி உயர்வை மறுக்கும் தனி உரிமையைக் கூட்டரசுச் சட்டம் தரவில்லை. பழைய பாக்கியைத்தான் ஏற்கெனவே பழைய வட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டார்களே, புதிதாக வாங்குவதும் வாங்காததும் உங்கள் கையில் என்பதுதான் அதன் தர்க்கம்.

இதற்கெல்லாம் அடிப்படை 2009 மே 22 அன்று கையெழுத்தான கிரெடிட் கார்டு சட்டம். 1968ஆம் ஆண்டின் கடன் விவர வெளிப்படைச் சட்டத்தின் மேல் அது ஏற்றப்பட்டது. நடைமுறை விதிகள் ரெகுலேஷன் இசட் என்ற தொகுப்பில் உள்ளன. முன்கூட்டி நோட்டீஸ் தருவது 9ஆம் பிரிவு, பழைய பாக்கியைப் பூட்டுவது 55ஆம் பிரிவு. போனில் பேசும்போது இந்த இரண்டு எண்களையும் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் மேலதிகாரிக்கு அழைப்பை மாற்றுவது சீக்கிரம் நடக்கும்.

அடுத்து, மாற்றியது யார் என்று பாருங்கள். கார்டின் முகப்பில் கடையின் பெயர் இருந்தாலும், பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வங்கியின் பெயர் இருக்கும். கடன் கொடுத்தது அந்த வங்கிதான். கடை பெயரை மட்டும் கொடுத்திருக்கிறது. கடையின் கவுன்டரில் நின்று சண்டை போட்டுப் பயனில்லாமல் போவது இதனால்தான். வட்டி ஏன் இவ்வளவு உயரம் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஒரு வங்கி தான் அமைந்திருக்கும் மாநிலத்தின் வட்டியை எந்த மாநிலத்து வாடிக்கையாளரிடமும் வாங்கலாம் என்று 1978இல் மார்கெட் (Marquette) என்ற வங்கியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெற்கு டகோட்டா 1980இலும் டெலவேர் 1981இலும் தங்கள் வட்டி உச்சவரம்பைத் தளர்த்தின. கார்டு வங்கிகள் அங்கே குடியேறின. ஆகவே உங்கள் மாநிலத்தில் உச்சவரம்பு இருந்தாலும் வங்கி கொடுத்த கடை கார்டுக்கு அது பெரும்பாலும் உதவாது. இன்றைக்குக் கடை கார்டுகளில் 30 சதவீதத்தைத் தாண்டிய வட்டி சாதாரணமாகிவிட்டது.

இப்போது தேதிக் கணக்கு. நோட்டீஸ் மார்ச் 1 அன்று அனுப்பப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில்லை, அனுப்பிய நாள்தான் கணக்கு. 14ஆம் நாள் மார்ச் 15. அன்று முடிய வாங்கிய எல்லாம் பழைய வட்டியில் பூட்டப்பட்ட பாக்கி. மார்ச் 16 முதல் வாங்குபவை அந்தப் பூட்டுக்கு வெளியே. ஆனால் அவற்றுக்கும் ஏப்ரல் 14 வரை பழைய வட்டிதான், அதன் பிறகே 32.99. பலர் 45 நாளும் பழைய வட்டிக்கு வாங்கிக் குவிக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு. மார்ச் 20 அன்று வாங்கிய சோபாவுக்கு ஏப்ரல் 15 முதல் புது வட்டி ஓடும். இணையத்தில் ஆர்டர் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல கடைகள் பொருளை அனுப்பும்போதுதான் கார்டில் பணம் எடுக்கும். மார்ச் 12 அன்று ஆர்டர் செய்தது மார்ச் 18 தேதியிட்டுப் பதிவாகிப் புது வட்டிப் பக்கம் போய்விடக்கூடும். 14 நாள் எல்லைக்கு அருகில் வாங்காமல் இருப்பது நல்லது.

பணமாக என்ன வித்தியாசம்? 1,800 டாலருக்கு 22.99 சதவீதத்தில் மாத வட்டி ஏறத்தாழ 34.50 டாலர். 32.99 ஆனால் 49.50. மாதம் 15 டாலர். பாக்கி அடையும் வரை ஒவ்வொரு மாதமும் தவறாக வசூலிக்கப்பட்டால் சின்னத் தொகை இல்லை. அதனால் ஏப்ரல், மே ஸ்டேட்மென்ட்களில் வட்டிக் கணக்குப் பகுதியைத் திறந்து பாருங்கள். பாக்கி இரண்டு வரிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வட்டி வீதம் எழுதியிருக்க வேண்டும். ஒரே வரியில் முழுத் தொகைக்கும் 32.99 என்றிருந்தால் தவறு நடந்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கை இங்கேயே சொல்ல வேண்டும். உங்கள் 22.99 வேரியபிள் வட்டி என்றால், அது பிரைம் ரேட் (வங்கிகள் அடிப்படையாக வைக்கும் வட்டி வீதம்) போன்ற வெளிக் குறியீட்டோடு ஏறி இறங்கும். அந்த ஏற்றம் பழைய பாக்கிக்கும் பொருந்தும், நோட்டீஸும் தேவையில்லை. பழைய பாக்கிக்கு அவர்கள் தொடக்கூடாதது குறியீட்டின் மேல் கூட்டும் மார்ஜினை. குறியீடு எவ்வளவு இறங்கினாலும் வட்டி இதற்குக் கீழே போகாது என்று அடித்தளம் வைத்திருந்தால், விதிகளின் கண்ணில் அது இந்த விதிவிலக்குக்கு உரிய வேரியபிள் வட்டியே இல்லை. பிரைம் கால் சதவீதம் ஏறிய மாதத்தில் உங்கள் வட்டி 10 சதவீதம் ஏறினால், மாறியது குறியீடு அல்ல, மார்ஜின்.

கார்டு திறந்து முதல் ஆண்டு முடியவில்லையா? அப்படியானால் புதிதாக வாங்குவதற்குக்கூட வட்டியை ஏற்ற முடியாது. ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டவும் முடியாது. குறியீட்டு ஏற்றம், ஏற்கெனவே அறிவித்த சலுகை வட்டி முடிவது, 60 நாள் தாமதம் போன்ற சில விலக்குகளே உண்டு. சலுகை வட்டியும் குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும்.

நோட்டீஸிலேயே சில விஷயங்கள் இருந்தாக வேண்டும். என்ன மாறுகிறது, எந்த நாளிலிருந்து, எந்தப் பாக்கிக்குப் புது வட்டி, எதற்குப் பழைய வட்டி என்பது பட்டியலாக இருக்க வேண்டும். வட்டி உயர்வு என்றால் அதற்கான முக்கியக் காரணங்களும் வேண்டும், அதிகபட்சம் நான்கு, முக்கியத்துவ வரிசையில். கிரெடிட் ஸ்கோர் காரணமா, சந்தை நிலைமை காரணமா என்பது இங்கே தெரிந்துவிடும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. வட்டியை ஏற்றிய நிறுவனம் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காரணங்கள் இன்னும் பொருந்துகின்றனவா என்று மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்று 59ஆம் பிரிவு சொல்கிறது. குறைக்க வேண்டிய நிலை என்றால், மறுபரிசீலனையை முடித்த 45 நாளுக்குள் குறைக்க வேண்டும். ஸ்கோர் சரிந்ததால் ஏற்றினார்கள், இப்போது ஸ்கோர் மீண்டுவிட்டது என்றால் ஆறாம் மாதத்தில் போன் செய்து மறுபரிசீலனையின் முடிவைக் கேளுங்கள். நோட்டீஸைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

நோட்டீஸே இல்லாமல் நடக்கக்கூடியவையும் உண்டு. கார்டை நிறுத்துவது, மேலும் கடன் தராமல் முடக்குவது, கடன் வரம்பைக் குறைப்பது ஆகியவற்றுக்கு 45 நாள் தேவையில்லை. வரம்பைக் குறைத்துவிட்டு, அதைத் தாண்டியதற்கு அபராதமோ அபராத வட்டியோ போட வேண்டும் என்றால் மட்டும், குறைத்ததை 45 நாள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 1,800 பாக்கி இருக்கும்போது வரம்பை 1,800ஆக வெட்டும் பழக்கம் இருப்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மறுப்பு உரிமைக்கு வருவோம். வட்டி வீதம், மினிமம் பேமென்ட் உயர்வு ஆகியவை இதில் வராது. ஆண்டுக் கட்டணம், பரிவர்த்தனைக் கட்டணம், தாமதக் கட்டணம், வட்டியில்லாத நாட்களைச் சுருக்குவது போன்றவை வரும். நோட்டீஸிலேயே மறுப்பதற்கான கட்டணமில்லாத தொலைபேசி எண் இருக்கும். மாற்றம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே அழைக்க வேண்டும். பேசியவரின் பெயர், நேரம், உறுதி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அன்றே ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். மறுப்பதாக முடிவு செய்துவிட்டால் அந்தக் கார்டில் அதன் பிறகு ஒரு டாலருக்கும் வாங்காதீர்கள். தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்கள் அதில் இருந்தால் முதலில் அவற்றை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். மறுப்புகள் பெரும்பாலும் சிக்கலாவது இந்தச் சந்தாக்களால்தான்.

மறுத்தால் அவர்கள் செய்யக்கூடியது கணக்கை மூடுவதோ முடக்குவதோ மட்டும். மறுத்ததற்காகத் தனிக் கட்டணம் போட முடியாது. கணக்கு தவணை தவறியதாகக் காட்டக் கூடாது. முழுப் பணத்தையும் உடனே கட்டு என்று கேட்கவும் முடியாது. பழைய பாக்கியை அடைக்க மூன்று முறைகளில் ஒன்றை, அல்லது உங்களுக்கு அவற்றைவிடச் சாதகமான ஒன்றைத்தான் தர வேண்டும். முன்பிருந்த அதே முறை, அல்லது குறைந்தது ஐந்து ஆண்டுக்குப் பரப்பிய தவணை, அல்லது மினிமம் பேமென்டில் பாக்கியின் சதவீதத்தை முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகாமல் உயர்த்துவது. மாதம் 2 சதவீதம் அசல் கேட்டவர்கள் 4 வரை கேட்கலாம். 1,800 டாலருக்கு அது 36இலிருந்து 72. இந்தத் தாவல் சிலருக்கு வட்டி உயர்வைவிடப் பெரிய அடி. மறுக்கும் முன் அதைத் தாங்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள். நீங்களாகவே கணக்கை மூடினாலும் பூட்டப்பட்ட பாக்கியின் பாதுகாப்பு தொடரும். மூடியதற்கோ, கார்டைப் பயன்படுத்தாமல் வைத்திருப்பதற்கோ கட்டணம் விதிப்பது தடை.

எல்லாப் பாதுகாப்பையும் உடைக்கும் ஒன்று 60 நாள் தாமதம். மினிமம் பேமென்ட் அதன் கடைசித் தேதியிலிருந்து 60 நாளுக்குள் வந்து சேராவிட்டால், பழைய பாக்கி உட்பட எல்லாவற்றுக்கும் வட்டியை ஏற்றலாம். மறுப்பு உரிமையும் போய்விடும். அப்போதும் 45 நாள் நோட்டீஸ் உண்டு. திரும்பும் வழியும் உண்டு. புது வட்டி தொடங்கிய பிறகு வரும் முதல் தவணையிலிருந்து தொடர்ந்து ஆறு மினிமம் பேமென்ட்களைத் தேதி தவறாமல் கட்டினால், பழைய வட்டிக்குத் திருப்பியாக வேண்டும். நடுவில் ஒன்று ஒரு நாள் தாமதமானாலும் இந்த வாய்ப்பு கைவிட்டுப் போகும். மினிமம் பேமென்டுக்காவது ஆட்டோபே போட்டுவிடுங்கள்.

இரண்டு வட்டியில் பாக்கி ஓடும்போது கட்டும் பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய பாக்கி 1,800, புது வட்டிப் பாக்கி 400, மினிமம் 65, நீங்கள் கட்டுவது 300 என்று வையுங்கள். அந்த 65ஐ அவர்கள் விரும்பிய பக்கம் போடலாம், பெரும்பாலும் குறைந்த வட்டிப் பக்கம் போடுவார்கள். மீதி 235 முழுவதும் 32.99 பக்கமே போக வேண்டும், அது 165ஆக இறங்கும். மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் 400 அப்படியே உயர்ந்த வட்டியில் உட்கார்ந்திருக்கும். மினிமத்தைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும்தான் சட்டத்தின் பலம்.

கடை கார்டுக்கே உரிய ஒரு பொறியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. “12 மாதத்தில் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை” என்ற திட்டம் வட்டியில்லாக் கடன் அல்ல, வட்டியை ஒத்திவைத்த கடன். முதல் நாளிலிருந்தே வட்டி பின்னால் சேர்ந்துகொண்டிருக்கும். 29.99 சதவீதத்தில் 1,200 டாலருக்கு வாங்கி, மாதம் சுமார் 92 டாலர் வீதம் கட்டி, கடைசியில் 100 டாலர் மிச்சம் வைத்தால், வட்டி அந்த 100க்கு மட்டும் வராது. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஏறத்தாழ 200 டாலர் ஒரே நாளில் விழும். இது நிபந்தனை மாற்றம் இல்லை, ஆரம்ப ஒப்பந்தமே அதுதான். அதனால் 55ஆம் பிரிவைச் சொல்லி வாதாட முடியாது. உங்களுக்கு இருப்பது வேறு பாதுகாப்புகள். முடியும் தேதி ஒவ்வொரு ஸ்டேட்மென்டிலும் அச்சிடப்பட வேண்டும். கடைசி இரண்டு பில்லிங் காலத்தில் மினிமத்துக்கு மேல் கட்டுவது இந்தப் பாக்கிக்கே முதலில் போக வேண்டும். காலம் முடியும் முன் திட்டத்தை ரத்து செய்ய வேண்டுமானால் நீங்கள் 60 நாள் தாமதமாகியிருக்க வேண்டும். ஒரு வாரத் தாமதத்தைக் காட்டி ரத்து செய்தால் அது விதிமீறல்.

கடை தன் வங்கியை மாற்றிக்கொள்ளும்போதும் நிபந்தனை மாறும். 2019இல் வால்மார்ட் தன் கார்டுகளை சிங்க்ரனியிலிருந்து கேபிட்டல் ஒன்னுக்கு மாற்றியது போல, லட்சக்கணக்கான கணக்குகள் ஒரே நாளில் கைமாறும். புது வங்கி புது ஒப்பந்தத்தை அனுப்பும். கணக்கு கைமாறினாலும் பூட்டப்பட்ட பாக்கி பூட்டப்பட்டதாகவே இருக்கும். ஆனால் கணினி மாற்றத்தில் பழைய வட்டிப் பிரிவு காணாமல் போய் எல்லாம் ஒரே வீதத்துக்கு வந்துவிடும் அபாயம் உண்டு. மாறுவதற்கு முந்தைய கடைசி ஸ்டேட்மென்டை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இணையதளம் பிறகு திறக்காமல் போகலாம்.

வங்கியே இல்லாமல் கடைக்காரரே கணக்கு திறந்து கொடுத்திருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். சில நகைக்கடைகள், மரச்சாமான் கடைகள், தபால் வழி விற்பனையாளர்கள் இப்படிச் செய்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அது கார்டு கணக்கா என்பது. பிளாஸ்டிக் அட்டை இருந்தாக வேண்டும் என்பதில்லை. திரும்பத் திரும்பக் கடனில் பொருள் வாங்கப் பயன்படும் கணக்கு எண்ணும் கிரெடிட் கார்டாகவே கொள்ளப்படலாம். அப்படி எதுவும் இல்லாமல் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் ஏட்டில் எழுதிக்கொள்ளும் சுழல் கடன் (கட்டக் கட்ட மீண்டும் வாங்கிக்கொள்ளும் கடன்) என்றால், 45 நாள் நோட்டீஸ் கிடைக்கும். பழைய பாக்கியைப் பூட்டும் 55ஆம் பிரிவும் மறுப்பு உரிமையும் கிடைக்காது. அங்கே மாநிலச் சட்டம்தான் துணை. பல மாநிலங்களில் சில்லறைத் தவணை விற்பனைச் சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 1959ஆம் ஆண்டின் அன்ரு சட்டம். விற்பனையாளரே கடன் தருவதால் வங்கிக்குக் கிடைக்கும் வெளிமாநில வட்டிச் சலுகை அவருக்குக் கிடையாது. இங்கே மாநில உச்சவரம்புக்கு உயிர் உண்டு.

தொழிலுக்காக எடுத்த கணக்கு என்றால் மேலே சொன்ன எதுவும் பெரும்பாலும் பொருந்தாது. கட்டுமானப் பொருள் கடைகள் தரும் ஒப்பந்ததாரர் கார்டில் வீட்டுச் செலவைப் போட்டாலும் அது தொழில் கணக்குதான்.

நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் தகராறுகளை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகும் ஷரத்தைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இது 45 நாள் பட்டியலில் வராத மாற்றம். பில்லோடு ஒரு துண்டுத் தாளைச் செருகி இப்படிச் சேர்த்ததை 1998இல் பேடி வழக்கில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் எல்லா மாநில நீதிமன்றங்களும் அப்படி இல்லை. அந்த ஷரத்திலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பை ஒப்பந்தம் தந்தால், அது பெரும்பாலும் குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட முகவரிக்குக் கையெழுத்திட்ட கடிதமாகத்தான் இருக்கும். போனில் சொன்னால் போதாது.

தவறு நடந்துவிட்டால் முதல் கருவி பில்லிங் பிழைக் கடிதம். பழைய பாக்கிக்குப் புது வட்டி போட்டது கணக்குப் பிழை. அது முதலில் தெரிந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பினால் கணக்கில் வராது. பில்லிங் விசாரணைக்கென ஸ்டேட்மென்டில் தனி முகவரி இருக்கும். பெயர், கணக்கு எண், தவறான தொகை, ஏன் தவறு என்பதற்கு இரண்டு வரி, நோட்டீஸின் நகல் போதும். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும். இரண்டு பில்லிங் காலத்துக்குள், எப்படியும் 90 நாளுக்குள் முடிவு வர வேண்டும். அதுவரை தகராறில் உள்ள தொகையை மட்டும் கட்டாமல் இருக்கலாம், அதற்காகத் தாமதம் என்று கிரெடிட் ரிப்போர்ட்டில் எழுத முடியாது. மீதி மினிமத்தைக் கட்டியே ஆக வேண்டும். கோபத்தில் முழுவதையும் நிறுத்தி, 60 நாள் தாண்டி, ஜெயிக்க வேண்டிய வழக்கைத் தோற்பவர்கள் உண்டு.

கூடவே நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியின் இணையதளத்தில் புகார் பதியலாம். நிறுவனங்கள் பொதுவாக 15 நாளில் பதில் தர வேண்டும், சிக்கலானது என்றால் 60 நாள் வரை. கடைக்காரரே கடன் கொடுத்தவர் என்றால் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் கூடுதல் பலன் தரும். வழக்கு வரை போனால், வீட்டு அடமானமில்லாத சுழல் கடனில் தனிநபர் வழக்குக்குச் சட்டம் வைத்திருக்கும் இழப்பீடு வட்டித் தொகையின் இரண்டு மடங்கு, குறைந்தது 500 டாலர், பொதுவாக அதிகபட்சம் 5,000. ஜெயித்தால் வக்கீல் செலவும் எதிர்த்தரப்பின் தலையில். காலக்கெடு விதிமீறல் நடந்த நாளிலிருந்து ஓராண்டு, அதனால் ஏப்ரல் ஸ்டேட்மென்டில் தொடங்கிய தவறுக்கு அடுத்த ஏப்ரலுக்குள் வழக்குத் தாக்கலாகியிருக்க வேண்டும்.